பெரியவனுக்குப் போட்ட சோறு

மைசூர் மண்டி மொஹல்லாவில், எங்கள் தெருவில், ஒரு அம்பாசிடர் கார் நாற்பத்தொரு நாள் ஒரு சொட்டு பெட்ரோல் இல்லாமல் ஓடியது. தள்ளி ஓட்டவில்லை, கயிறு கட்டி இழுக்கவில்லை. அறுபது சாப்பாட்டுக் கேரியரையும் ஒரு ஆளையும் ஏற்றிக்கொண்டு ஊர் எல்லையில் இருக்கிற ஹெப்பாள் வரைக்கும் போய், அங்கே பாக்டரி பாக்டரியாகச் சுற்றி, திரும்பியும் வந்தது. நான் ரயில்வே பார்சல் ஆபீசில் முப்பத்து மூன்று வருஷம் இருந்து ரிடையர் ஆனவன். யானைக்குட்டி ஒன்றை எடை போட்டு, சீட்டு ஒட்டி, அரசிகெரெக்கு அனுப்பியிருக்கிறேன் என்று சொன்னால் தெருவே சிரிக்கும். அதில் கொஞ்சம் மிகை உண்டு; கன்றுக்குட்டிதான். ஆனால் கார் விஷயத்தில் நான் எதையும் கூட்டவில்லை. கூட்டுவதாக இருந்தால் ஐம்பது நாள் என்று சொல்லியிருக்க மாட்டேனா?

நம்பாதவர் ஒரே ஒருத்தர். தெருமுனையில் அரிசி மண்டி வைத்திருந்த நஞ்சுண்டசாமி. மூன்று தலைமுறை அரிசி வியாபாரம், தொண்ணூற்றிரண்டு கிலோ உடம்பு, கடை வாசலில் ஆள் ஏறி நிற்கிற மாதிரி ஒரு பிளாட்பாரத் தராசு. கோவிலில் கற்பூரம் காட்டினால்கூட அது எத்தனை கிராம் இருக்கும் என்று பார்த்துவிட்டுத்தான் கண்ணை மூடுவார். "பார்சல் சார், நீங்க சொல்றதுல கல்லு, நொய்யி, தவிடு எல்லாம் புடைச்சு எடுத்தா அரிசி காப்படி தேறாது" என்பார் என்னைப் பார்த்து.

கார் எங்கள் எதிர்வீட்டு மாணிக்கவாசகத்தினுடையது. ஹனூர் தாலுகா ராமாபுரத்துக்காரர். ஊரில் மழை ஏமாற்றிய ஒரு வருஷம், மனைவி பொன்னம்மாவோடு மைசூர் வந்து, ஒரு காப்பித் தோட்ட முதலாளிக்கு டிரைவராக இருந்தார். முதலாளி போன பிறகு அவருடைய பிள்ளைகள், ஓட்டினவரே வைத்துக்கொள்ளட்டும் என்று காரை இவருக்கே கொடுத்துவிட்டார்கள். மங்கின பச்சை நிறம், முன்னால் பெரிய கம்பிப் பல். கல்யாணமாகி ஒன்பது வருஷம் தொட்டில் ஆடாத வீடு அது. கார் வந்து அடுத்த வருஷம் ஜீவிதா பிறந்தாள். அதனால் பொன்னம்மாவுக்கு கார் பெரியவன், மகள் சின்னவள். "பெரியவன் நனையறான், தார்பாய் போடுங்க" என்று அந்த அம்மாள் குரல் கேட்டால்தான் தெருவில் மற்றவர்கள் வடகத்தை உள்ளே எடுப்பார்கள்.

அவர்கள் பிழைப்பு சோறு. விடிகாலை நாலரைக்கு பொன்னம்மாவின் அடுப்பு எரியும். ஒரு அண்டாவில் சோறு, ஒரு அண்டாவில் களி, தை மாதமென்றால் பிதுக்கிய அவரைப் பருப்புக் குழம்பு, மற்ற நாளில் கொள்ளு ரசம். பத்தரைக்குள் அறுபது கேரியரும் நிரம்பி, பின் சீட்டைக் கழற்றிப் போட்ட இடத்தில் மரச்சட்டத்துக்குள் வரிசையாக உட்கார்ந்துவிடும். ஹெப்பாள் பாக்டரிகளில் லேத் ஓட்டுகிறவர்கள், மூட்டை தூக்குகிறவர்கள், வாசலில் நிற்கிற காவல்காரர்கள் எல்லாருக்கும் அதுதான் மத்தியானச் சாப்பாடு. பொன்னம்மா கை சோறு சாப்பிட்டவன் ராத்திரிவரை தண்ணீர் மட்டும் கேட்பான் என்று பேர்.

தொண்ணூற்றெட்டாம் வருஷம் பொங்கலுக்கு நாலு நாள் முன்னால், நான் அவர்கள் வீட்டில் அவரைக்காய் உரித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். உரிக்கிறேன் என்று பேர், காப்பிக்குத்தான் போனேன்.

"அப்பா, லிட்டருக்கு ஏழு கிலோமீட்டர்ப்பா. ஏழு!" என்றாள் ஜீவிதா. பி.காம். கடைசி வருஷம். "செகண்ட்ஹேண்ட் ஆம்னி வேன் ஒண்ணு எடுத்தா பதினாலு, பதினஞ்சு குடுக்கும். இப்படியே போனா உகாதிக்குள்ள மெஸ்ஸ மூடிட்டு உக்காந்துக்கணும்."

"மூடற பேச்ச எடுக்காத கண்ணு" என்றாள் பொன்னம்மா.

"நான் எடுக்கலம்மா, பெட்ரோல் எடுக்குது. வர்றதுல பாதிய அதுவே குடிச்சிருது."

"குடிக்கிறான்னு புள்ளைய வித்துப்போடுவாங்களா?"

"சும்னிரும்மா!" என்று கன்னடத்தில் அம்மாவை அடக்கினாள் ஜீவிதா. "பக்கத்து வீட்ல கேட்டா, எங்கண்ணன் சாராயக் கடையில விழுந்து கெடக்கிறான்னு நெனைப்பாங்க."

நான் சிரித்தேன். மாணிக்கவாசகம் சிரிக்கவில்லை. "சின்னவ சொல்றது நெசந்தான் பொன்னு. இருவது வருசமா மிதிச்ச கிளச்சு. எனக்கு மட்டும் மனசு வருதா? ஸ்ரீரங்கப்பட்டணத்துல ஒரு வெல்ல வியாபாரி கேக்கறாரு. பொங்கல் முடியட்டும், குடுத்துப்போடலாம்."

பொன்னம்மா பருப்பைப் பிதுக்குகிற வேகம் மட்டும் கூடியது. ஒரு பருப்பு தெறித்து என் மூக்குக்கண்ணாடியில் பட்டது.

மாட்டுப் பொங்கல் அன்றைக்குத்தான் அந்தத் தப்பு நடந்தது. ராமாபுரத்துப் பக்கம் அன்று மாட்டைக் குளிப்பாட்டி, மஞ்சள் குங்குமம் வைத்து, வாயில் பொங்கல் ஊட்டுவார்கள். மைசூரில் பொன்னம்மாவுக்கு மாடு ஏது? இருபது வருஷமாகப் பெரியவனுக்குத்தான் அந்த மரியாதை. அந்த வருஷம் ஊட்டியதோடு நிற்கவில்லை. வாழையிலையில் சுடச்சுடப் பொங்கலை உருண்டை பிடித்து, அந்தக் கம்பிப் பல்லுக்கு நேராக நீட்டி, அவளுடைய அப்பா கிழட்டு எருதுக்கு, மாட்டுத் தரகன் வந்து நின்ற நாளில் சொன்னதை அப்படியே சொன்னாள்:

"நீ எங்கூட்டுச் சோத்தத் தின்னு, எங்கூட்டு வேலையச் செய்யி. உன்னைய நான் கைவிட மாட்டேன், நீயும் கைவிட்றாத."

எருதிடம் சொல்லலாம். எருதுக்கு வயிறு ஒன்றுதான். எவ்வளவு கொள்ளும் என்று அதற்கே தெரியும். காரிடம் சொல்லலாமா?

அன்று சாயங்காலம் மாணிக்கவாசகம், விற்கப்போகிற வண்டிக்கு எதற்கு என்று, டாங்க்கில் இருந்ததை ரப்பர் குழாய் போட்டு உறிஞ்சி மண்ணெண்ணெய் டப்பாவில் வடித்துவிட்டார். கடைசிச் சொட்டுவரை. நான் பார்த்துக்கொண்டிருந்தேன். மறுநாள் கேரியர் கொண்டுபோக ஒரு ஆட்டோவுக்குச் சொல்லியிருந்தார். ஆட்டோக்காரன் வரவில்லை. மணி பதினொன்று ஆகிவிட்டது. அந்தப் பதற்றத்தில், பழக்கதோஷம், கேரியரை ஏற்றினார், உட்கார்ந்தார், சாவியைத் திருப்பினார், போனார். ஹெப்பாளில் அறுபதையும் இறக்கி, முந்தின நாள் காலிக் கேரியரை ஏற்றி, வீட்டு வாசலில் வந்து நிறுத்தி இறங்கும்போதுதான் அந்த மண்ணெண்ணெய் டப்பா கண்ணில் பட்டது. அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

டாங்க்குக்குள் குச்சி விட்டுப் பார்த்தோம். காய்ந்த குச்சி காய்ந்தபடியே வந்தது. நஞ்சுண்டசாமி குச்சியை முகர்ந்து பார்த்தார்.

"டாங்க்ல அடியில எங்கேயாவது தங்கியிருக்கும்."

"பதினெட்டு கிலோமீட்டருக்கா?"

"சார், நீங்க பேசாதீங்க. நீங்க யானையை பார்சல்ல அனுப்பினவர்."

மறுநாளும் ஓடியது. அதற்கு மறுநாளும். ஒரு வாரம் கழித்து மாணிக்கவாசகம் வெல்ல வியாபாரிக்கு ஆள் அனுப்பி, வண்டி விற்பதற்கில்லை என்று சொல்லிவிட்டார். மீசையை முறுக்கிக்கொண்டு தெருவில் நடந்தார். "லிட்டருக்கு எத்தனை குடுக்குதுன்னு கேளுங்க சார், கேளுங்க!" என்பார். கேட்டால், "லிட்டரே இல்லீங்களே!" என்று கைகொட்டிச் சிரிப்பார். ஜீவிதா மட்டும் சிரிக்கவில்லை. கணக்குப் படிக்கிற பெண். ஒரு பக்கம் குறையாமல் இன்னொரு பக்கம் கூடாது என்று அவளுக்குத் தெரியும்.

முதலில் நான்தான் கவனித்தேன். பார்சல் ஆபீஸ் புத்தி. உச்சிவெயிலில் பதினெட்டு கிலோமீட்டர் ஓடிவந்த வண்டியின் பானெட் மூடியில் கை வைத்தால் குளிர்ந்திருந்தது, தண்ணீர்ப் பானைக்கு அடியில் இருக்கிற கல் மாதிரி. புகைக்குழாயில் புகை இல்லை. வெள்ளையாக ஆவி வந்தது. அதில் கஞ்சி வடிக்கிற வாசனை. தெருநாய்கள் ஏழும் அதன் பின்னாலேயே போயின. குரைத்துக்கொண்டு துரத்துமே, அப்படி அல்ல. சவ ஊர்வலத்தில் போகிற மாதிரி, தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு, ஒன்றன் பின் ஒன்றாக. வண்டி நின்று சாவியை எடுத்த பிறகும் உள்ளே ஒரு சத்தம் கேட்டது. வாயை மூடிக்கொண்டு ஒருத்தர் நிதானமாக மென்று, விழுங்குகிற சத்தம். பட்டப்பகலில், சுற்றிலும் மிளகாய் மூட்டை இறக்கிக்கொண்டிருக்கிற தெருவில், அந்தச் சத்தத்தைக் கேட்டு நான் நாலு அடி பின்வாங்கினேன்.

மூன்றாவது வாரம் ஹெப்பாளிலிருந்து தொட்டையன் வந்தான். ஒரு பாக்டரி வாசலில் காவலுக்கு நிற்கிறவன். ஆறடி ஆள், 'தொட்ட' என்றால் கன்னடத்தில் பெரிய; பெயருக்கு ஏற்ற உடம்பு. பொன்னம்மாவின் முன்னால் தலையைக் குனிந்துகொண்டு நின்றான்.

"தப்பா நினைக்காதீங்க அக்கா. சோறு ருசியாத்தான் இருக்கு. ஆனா பஞ்சைத் தின்ன மாதிரி இருக்கு. எல்லாருமே சொல்றாங்க. ஒரு மணிக்குச் சாப்பிட்டா ரெண்டு மணிக்கு வயிறு கவ்வுது. நேத்து லீவு போட்டவங்க கேரியரையும் சேத்து மூணு கேரியர் தின்னேன் அக்கா. மூணு! அப்புறம் கேட்டுக்கிட்ட உக்காந்து அழுதேன்."

பொன்னம்மா அடுப்படிக்குப் போய் ஒரு தட்டில் களியும் ரசமும் கொண்டுவந்து வைத்தாள். அவன் சாப்பிட்டான். ஒரே உருண்டை களி. ஏப்பம் விட்டான். கண்ணில் நீர் வந்துவிட்டது. "இது நிறையுதக்கா. இங்க நிறையுது. அங்க வந்தா நிறைய மாட்டேங்குது."

இங்கே என்பதற்கும் அங்கே என்பதற்கும் நடுவில் இருந்தது கார் ஒன்றுதான்.

நான் யோசனை சொன்னேன். மறுநாள் காலை பத்துக் கேரியரைத் தூக்கிக்கொண்டு போய் நஞ்சுண்டசாமியின் தராசில் வைத்தோம். ஒவ்வொன்றும் இரண்டு கிலோ நானூறு. மாணிக்கவாசகம் அதே பத்தை ஏற்றி, ஹெப்பாள் போய், இறக்காமல் திருப்பிக் கொண்டுவந்தார். மறுபடி வைத்தோம். தொள்ளாயிரம் கிராம். வெறும் கேரியரின் எடையே எண்ணூற்றைம்பது.

மூடியைத் திறந்தோம். சோறு வைத்த உயரத்தில் அப்படியே இருந்தது. ஆவி பறந்தது. குழம்பில் பருப்பு மிதந்தது. ஒரு பருக்கை குறையவில்லை.

நஞ்சுண்டசாமி உள்ளே போய், முத்திரை குத்திய இரும்புக் கற்களைக் கொண்டுவந்து தராசைச் சோதித்தார். ஐந்து கிலோ கல் ஐந்து கிலோ காட்டியது. பத்து கிலோ கல் பத்து காட்டியது. கேரியரை வைத்தார்: தொள்ளாயிரம். வியர்வையைத் துடைத்துக்கொண்டார்.

"காத்து" என்றார். "தட்டுக்கு அடியில காத்து பூந்து தூக்குது."

"கல்லை மட்டும் தூக்க மாட்டேங்குதா காத்து?"

"எல்லாம் சுள்ளு சார்! நீங்க மேஜிக் கத்துக்கிட்டீங்க." பொய் என்பதற்கு அவருக்குக் கன்னடச் சொல்தான் வாயில் வரும், பயம் வந்துவிட்டால்.

மாணிக்கவாசகம் தமாஷுக்குத் தராசில் ஏறினார். தீபாவளிக்கு எழுபத்தொன்று இருந்தவர். அதே தொப்பை, அதே கன்னம். முள் நாற்பத்தெட்டில் நின்றது. அவர் இறங்கி, "அடப் போங்கப்பா" என்று வீட்டுக்கு நடந்தார். வாசலில் பொன்னம்மா அப்போதுதான் ஈர மண்ணில் கோலம் போட்டு முடித்திருந்தாள். அவர் கோலத்தின் குறுக்கே நடந்துபோனார். ஒரு புள்ளி கலையவில்லை. நானும் நஞ்சுண்டசாமியும் பார்த்தோம். நஞ்சுண்டசாமி உடனே கடைக்குள் போய்க் கணக்கில்லாமல் தண்ணீர் குடித்தார்.

அன்று எதிர்வீட்டில் புருஷன் பெண்டாட்டிச் சண்டை.

"நிறுத்துங்க. இன்னியோட நிறுத்துங்க. ஊரான் வயித்தக் காயப்போட்டு நமக்கு என்ன பொழப்பு?"

"கொஞ்சம் கூடப் போட்டு அனுப்பு பொன்னு. ஒரு கரண்டிக்கு ரெண்டு கரண்டி. அப்பவும் பெட்ரோலுக்கு மிச்சந்தான்."

"ரெண்டு போட்டா அவன் ரெண்டையும் திம்பான். நாலு போட்டா நாலு. நான் போடறேன்னு சொல்லிப்போட்டேன். எத்தனைன்னு சொல்லலையே." பொன்னம்மா முந்தானையை வாயில் வைத்து அழுத்திக்கொண்டாள். "அவன் மேல தப்பில்ல. பசிக்கிற புள்ளைக்கு அளவு தெரியுமா?"

"அதுக்காக, காசில்லாம ஓடற வண்டிய யாராச்சும் நிறுத்துவாங்களா? ஊர் சிரிக்குமே!"

அவர் நிறுத்தவில்லை. பொன்னம்மா இரண்டு பங்கு போட்டாள், மூன்று பங்கு போட்டாள். விறகு தீர்ந்தது, கை கொப்பளித்தது. ஹெப்பாளில் பசி தீரவில்லை. அறுபது கேரியர் நாற்பதானது. வண்டி மட்டும் பளபளவென்று இருந்தது. துருப்பிடித்த கதவோரம் தானாகவே வழவழப்பாயிற்று. சத்தியமாகச் சொல்கிறேன், பின்பக்கம் நசுங்கியிருந்த இடம் குழந்தைக் கன்னம் மாதிரி உப்பிக்கொண்டு வந்தது.

மாசி பிறந்தது. வெயில் ஏறியது. ஜீவிதாவுக்குப் பரீட்சை; பஸ் கிடைக்காமல் மூன்று நாள் அப்பாவோடு காரில் காலேஜ் போனாள். யாரும் யோசிக்கவில்லை. நானும் வாசலில் நின்று கையாட்டினேன், முட்டாள். நாலாம் நாள் காலை, தரையில் உட்கார்ந்து படித்துக்கொண்டிருந்தவளை, "எழுந்திரி கண்ணு, கூட்டணும்" என்று பொன்னம்மா கையைப் பிடித்து இழுத்தாள். பொண்ணு வந்துவிட்டாள். கொடியிலிருந்து காய்ந்த சேலையை உருவினால் வருமே, அப்படி, கால் தரையில் படாமல் கையோடு வந்துவிட்டாள். இரண்டு பேரும் ஒருத்தரை ஒருத்தர் பார்த்தார்கள்.

"அம்மா, என்னை விடாதே" என்றாள் ஜீவிதா. "ஃபேன் ஓடுது."

தராசு பத்தொன்பது காட்டியது. நான் எல்லாவற்றையும் பெரிதாக்கிச் சொல்கிறவன்தான். இதை மட்டும் பெரிதாக்கவும் சின்னதாக்கவும் மனசு வரவில்லை.

மாணிக்கவாசகம் அப்போதுதான் முறிந்தார். அன்று மத்தியானமே வெல்ல வியாபாரியை வரவழைத்தார். மனுஷன் குடும்பத்தோடு வந்தார். நாலு குழந்தைகள். வந்ததும் வராததுமாகக் கதவைத் திறந்து ஏறிக் குதித்தன. "ஐ, ஜில்லுன்னு இருக்கு!" என்று சீட்டில் கன்னத்தை வைத்துக்கொண்டது கடைக்குட்டி. உள்ளே அந்த மெல்லுகிற சத்தம் ஆரம்பித்தது. பொன்னம்மா ஓடிவந்து ஒவ்வொரு குழந்தையாகத் தூக்கி இறக்கினாள்.

"விக்கறதுக்கில்லீங்க. போயிட்டு வாங்க. வெல்லம் வேணும்னா சொல்லி உடறோம்."

"வரச்சொன்னது நீங்கதானே அம்மா?"

"ஆமாங்க. தப்புத்தானுங்க."

அவர்கள் போன பிறகு புருஷனிடம் சொன்னாள்: "இன்னொருத்தி கொழந்தைய இவனுக்கு எலையில வெக்கச் சொல்றீங்களா? சொன்னவ நானு. நானே பேசிக்கறேன்."

மறுநாள் சிவராத்திரி, நாற்பத்தொன்றாவது நாள். பொன்னம்மா விரதம், அடுப்பு மூட்டவில்லை. அறுபது கேரியரையும் வெறுமையாகக் கழுவி, துடைத்து, சட்டத்தில் அடுக்கினாள். பிறகு முன் சீட்டில் ஏறி உட்கார்ந்தாள். ஓட்ட ஆள் வேண்டுமே? மாணிக்கவாசகத்தை ஏற விடவில்லை.

"நான் ஓட்டறேன்" என்றார் நஞ்சுண்டசாமி. மண்டி டெம்போ ஓட்டிப் பழகின கை. "இன்னிக்கு இந்த மோசத்தைக் கண்டுபிடிச்சிடறேன். ஆனா அதுக்கு முன்னாடி அம்மா, வாங்க, தராசுல ஏறுங்க."

பொன்னம்மா ஐம்பத்து நாலு கிலோ. சாட்சிக்கு என்னைக் கையெழுத்துப் போடச் சொன்னார். போட்டேன். நானும் பின்னால் ஏறிக்கொண்டேன் என்று எழுத ஆசைதான். ஏறவில்லை, பயம். என் மொபெட்டில் பின்தொடர்ந்தேன், ஏழு நாய்களோடு எட்டாவதாக.

கே.ஆர்.எஸ். ரோட்டில் வெயில் கொளுத்தியது. கார் முதலில் எப்போதும் போலத்தான் போனது. வெறும் கேரியர்கள் கலகலவென்று ஆடின. ரயில் கேட்டுக்கு ஒரு பர்லாங் இருக்கும்போது அந்தக் கஞ்சி வாசனை நின்றுபோனது. ஆவி மெலிந்து நூலாயிற்று. வண்டி உடம்பெல்லாம் ஒரு நடுக்கம் ஓடியது, குளிர்காய்ச்சல்காரனுக்கு ஓடுகிற மாதிரி. நாய்கள் அப்படியே நின்று தரையில் படுத்துக்கொண்டன. பின்கண்ணாடி வழியாக இரண்டு தலை தெரிந்தது. பொன்னம்மா குனிந்து, முன்பலகையில் கை வைத்து, ஏதோ பேசிக்கொண்டிருந்தாள். நஞ்சுண்டசாமியின் தலை ஸ்டியரிங் மேல் கவிழ்ந்தது. பிறகு நிமிர்ந்தது. கார் ஒரு புளியமரத்து நிழலுக்கு ஒதுங்கியது. நின்றது.

நான் போய்ச் சேர்ந்தபோது பொன்னம்மா இறங்கி நின்றுகொண்டிருந்தாள். அவள் முகம் நனைந்திருந்தது. நஞ்சுண்டசாமியின் முகம் ஊறவைத்த அரிசி நிறத்தில் இருந்தது. பானெட் மூடியில் கை வைத்தேன். சுட்டது. நாற்பத்தொரு நாளில் முதல் தடவையாக, ஒழுங்கான வண்டி மாதிரி, சுட்டது.

"என்ன ஆச்சு?"

"கார்பரேட்டர்" என்றார் நஞ்சுண்டசாமி.

டெம்போ வைத்து இழுத்துவந்தோம். வந்ததும் முதல் வேலையாகப் பொன்னம்மாவைத் தராசில் ஏற்றினார். ஐம்பத்து நாலு. இம்மி குறையவில்லை. அவர் கையைத் தட்டினார். "பாத்தீங்களா சார்? பாத்தீங்களா? ஒண்ணும் குறையல. நீங்க சொன்னதெல்லாம் சுள்ளு! பழைய வண்டி, நின்னுபோச்சு, அவ்வளவுதான் கதை." ஆனால் அவர் குரல் தட்டின கை அளவுக்கு உரமாக இல்லை.

பொன்னம்மா மறுநாள் உலை வைத்தாள். ஆட்டோவில் போன கேரியர் ஹெப்பாளில் தொட்டையன் வயிற்றை நிறைத்தது. சோற்றைப் பார்த்து மறுபடி அழுதானாம். மாணிக்கவாசகத்துக்கும் ஜீவிதாவுக்கும் எடை ஒரே நாளில் திரும்பவில்லை. ஒவ்வொரு வேளைச் சோறாகத்தான் வந்தது. அதுவரை ஜீவிதா சுருக்குப்பையில் இரண்டு கிலோ படிக்கல்லைப் போட்டு இடுப்பில் கட்டிக்கொண்டு பரீட்சை எழுதினாள். முதல் வகுப்பில் தேறினாள்.

காருக்கு டாங்க் நிறைய பெட்ரோல் ஊற்றிப் பார்த்தார் மாணிக்கவாசகம். சுழலவே இல்லை. மெக்கானிக் ஒருத்தர் பிரித்துப் பார்த்து, எல்லாம் சரியாகத்தான் இருக்கிறது, ஏன் ஓடவில்லை என்று தெரியவில்லை என்றார். உகாதிக்கு முன்னால் பழைய ஆம்னி ஒன்று வந்தது. வெள்ளை நிறம். பொன்னம்மா அதற்குப் பேர் வைக்கவில்லை. கேரியரை ஏற்றுவாள், கதவைச் சாத்துவாள், ஒரு வார்த்தை பேசமாட்டாள்.

ஒருநாள் காலை பழைய இரும்பு லாரி வந்தது. சங்கிலி போட்டுப் பெரியவனை ஏற்றும்போது பொன்னம்மா வெளியே வரவில்லை. உள்ளே பாத்திரம் தேய்க்கிற சத்தம் மட்டும் கேட்டது, ஒரே பாத்திரத்தைத் திரும்பத் திரும்ப. மாணிக்கவாசகம் தெருக்கோடிவரை நடந்துபோய், அங்கேயே சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

அப்போது நஞ்சுண்டசாமி கடையிலிருந்து வந்தார். வேட்டி மடிப்பில் எதையோ பிடித்திருந்தார். லாரிக்காரனை நிற்கச் சொன்னார். அந்த உடம்போடு சக்கரத்தில் கால் வைத்து மேலே ஏறி, காரின் பெட்ரோல் மூடியைத் திருகித் திறந்து, கையில் இருந்ததை மூன்று தடவை அதன் வாயில் போட்டார். பச்சரிசி.

செத்தவர் வாயில் போடுகிற வாய்க்கரிசி. சொந்தப் பிள்ளைகள் போடுவது.

இறங்கியதும் நான் பிடித்துக்கொண்டேன். விடுவேனா? "என்ன அண்ணாச்சி, கார்பரேட்டருக்கா வாய்க்கரிசி?"

லாரி கிளம்பி, மிளகாய் மூட்டைகளுக்கு நடுவில் ஒதுங்கி ஒதுங்கிப் போவதைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"மூணு தலைமுறையா அரிசிமேல உக்காந்திருக்கற குடும்பம் சார். எனக்குப் பசின்னா என்னன்னு தெரியாது. பசிக்கிறதுக்கு முன்னாடியே தட்டு வந்துடும். அன்னிக்கு ரயில் கேட் கிட்ட ஒண்ணு வந்து என் மடியில ஏறி உக்காந்துச்சு. கனமே இல்ல. கொழந்தை மாதிரி. அதோட பசி எனக்குள்ள வந்துடுச்சு சார். ஸ்டியரிங்கைக் கடிக்கலாம்போல இருந்துச்சு. அந்தம்மா, 'எங்கிட்ட எடுத்துக்கோ சாமி, வேற யார்கிட்டயும் எடுக்காத'ங்கறாங்க. அது அவங்களைப் பாத்துச்சு. அத்தனை பசியோட பாத்துச்சு. அப்புறம் என் மடியிலிருந்து இறங்கிடுச்சு. அவங்களைத் தொடவே இல்ல."

அவர் வேட்டியை உதறினார். ஒட்டியிருந்த நாலு அரிசி கீழே விழுந்தது.

"அதுதான் தராசுல ஒண்ணும் காட்டல. நடந்தது நிஜம் சார்."